அடங்கிய வைரஸும் அளக்கப்படாத இரத்த அழுத்தமும்

இந்தியாவின் ஏ.ஆர்.டி. மையங்களில் மாத்திரை எண்ணப்படுகிறது. சென்ற முறை கொடுத்த குப்பியில் எத்தனை மிச்சம், இடையில் எத்தனை நாள் கழிந்தன, அவற்றில் எத்தனை நாள் மருந்து உள்ளே போனது என்று கணக்கிட்டு அட்டையில் குறிக்கிறார்கள். கணக்கு 95 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் ஆலோசகரின் அறைக்கு அனுப்புகிறார்கள். இந்த ஒழுங்கைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. இந்த நாட்டில் எச்.ஐ.வி.யை மரண தண்டனை என்ற நிலையிலிருந்து நீண்டநாள் நோய் என்ற நிலைக்கு இறக்கிவைத்ததில் இந்த எண்ணிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் எண்ணிக்கை ஏன் குறைகிறது என்ற கேள்விக்கு மையம் வைத்திருக்கும் விடைகள் மிகச் சில: அலட்சியம், குடி, மனச்சோர்வு, பயணச் செலவு, மருந்தின் பக்கவிளைவு. இந்த வரிசையில் மூளையின் இரத்தக்குழாய்க்கு இடமில்லை.

அந்த வரிசையில் நிற்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். 2005ஆம் ஆண்டில், கணவர் இறந்த பிறகு, முப்பத்தைந்து வயதில் மருந்து தொடங்கியவர். இருபது ஆண்டுகள் ஒருநாள் பிசகாமல் உண்டவர். இப்போது சில மாதங்களாகக் குப்பியில் மாத்திரை மிஞ்சுகிறது. உண்டோமா இல்லையா என்று ஐயம் வருகிறது. ஐயம் வந்தால் உண்ணாமல் விட்டுவிடுகிறார். நடை தளர்ந்து காலை இழுத்து வைக்கிறார். சிறுநீரை அடக்க முடிவதில்லை என்பதால் பேருந்துப் பயணத்துக்கு அஞ்சுகிறார். முன்போல் பேசுவதில்லை. பேரன் பெயரை மறக்கவில்லை, இன்று என்ன கிழமை என்று கேட்டால் சரியாகவே சொல்வார். அதனால் மறதி நோய் என்று யாரும் நினைப்பதில்லை. வயதாகிவிட்டது என்கிறது வீடு. அக்கறை குறைந்துவிட்டது என்கிறது மையம். இத்தனை ஆண்டு ஒழுங்காக இருந்துவிட்டு இப்போது ஏன் இப்படி என்று அவருக்கு அறிவுரை கூறப்படுகிறது. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறார். அந்த அறையின் மேசையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருக்கக்கூடும். அவர் கையில் அது சுற்றப்பட்டு எத்தனை காலம் ஆகிறது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

இங்கே விவரித்த அறிகுறிகள் தற்செயலாக ஒன்றுசேர்ந்தவை அல்ல. மூளையின் சிறு இரத்தக்குழாய் நோய் என்று நரம்பியல் அழைக்கும் நிலையின் முகம் பெரும்பாலும் இதுதான். மூளையின் அடிப்பகுதியில் ஓடும் பெரிய தமனிகளிலிருந்து மயிரிழை போன்ற கிளைகள் செங்குத்தாகப் பிரிந்து ஆழத்துக்குள் நுழைகின்றன. பெரிய குழாயின் அழுத்தம் அந்த மெல்லிய கிளைகளின்மேல் ஏறக்குறைய தணியாமல் விழுகிறது. அவற்றில் ஒன்று அடைபட்டால் பக்கத்துக் கிளை வந்து கைகொடுக்கும் ஏற்பாடும் அங்கே அரிது. ஆண்டுக்கணக்கில் சுவர் தடித்து, உள்விட்டம் சுருங்கி, சுவரின் வழியே நீர்மம் கசிந்து, அந்தக் குழாய்கள் ஊட்டும் வெண்பொருள் மெல்ல வாடுகிறது. வெண்பொருள் என்பது மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் கம்பித்தொகுதி. ஆகையால் முதலில் போவது நினைவு அன்று. வேகம், திட்டமிடல், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் திறன், தானாக ஒன்றைத் தொடங்கும் ஊக்கம். மாத்திரையை நேரத்துக்கு எடுத்து உண்பதற்கு வேண்டியவை இவைதான்.

எம்.ஆர்.ஐ. படத்தில் இந்நோய் வெண்பொருளில் வெண்படலமாகவும், ஆழத்தில் சிறு குழிவுகளாகவும், சில வேளை நுண்ணிய இரத்தக் கசிவின் கரும்புள்ளிகளாகவும் தெரியும். உலகெங்கும் அடைப்பினால் வரும் பக்கவாதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இதுவே காரணம். இருந்தும் பக்கவாதமாக வெடிப்பதற்கு முன் பல ஆண்டுகள் ஓசையின்றி நடக்கிறது என்பதுதான் இதன் பண்பு.

எச்.ஐ.வி. உள்ளோரிடம் இது கூடுதலா என்ற கேள்விக்குப் பிரான்சிலிருந்து 2018இல் ஒரு தெளிவான விடை வந்தது. மைக்ரோபிரேக் என்ற ஆய்வில் ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன, வைரஸ் முழுமையாக அடங்கிய 456 பேரையும், தொற்று இல்லாத 154 பேரையும் எம்.ஆர்.ஐ. எடுத்து ஒப்பிட்டார்கள். தொற்று உள்ளோரில் 51.5 விழுக்காட்டினரிடமும், இல்லாதோரில் 36.4 விழுக்காட்டினரிடமும் சிறுகுழாய் நோயின் தடம் இருந்தது. மற்றக் காரணிகளைக் கழித்துப் பார்த்தபோதும் வாய்ப்பு இரு மடங்குக்கு மேல். உயர் இரத்த அழுத்தமும், ஒருகாலத்தில் சி.டி.4 எண்ணிக்கை மிகத் தாழ்ந்து போயிருந்ததும் நோயோடு தொடர்புடையவையாகத் தென்பட்டன. இந்த இரண்டாவது காரணியை இந்தியர்கள் நின்று படிக்க வேண்டும். 2004 ஏப்ரலில் ஆறு மாநிலங்களிலும் தில்லியிலுமாக எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து தொடங்கியபோது, நோய் முற்றாதவர்களுக்கு சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே வந்தால்தான் மருந்து. எல்லோருக்கும் உடனே மருந்து என்ற கொள்கை வந்தது 2017இல். அதாவது இன்று ஐம்பதைக் கடந்து அந்த வரிசையில் நிற்கும் தலைமுறையில் பெரும்பாலோர் ஒருமுறை அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறியவர்கள். தொடக்கத்தில் அவர்கள் உண்டதும் ஸ்டாவுடின் போன்ற, கொழுப்பின் பரவலையே குலைத்த மருந்துகள். வைரஸ் அடங்கிய பிறகும் உடலில் மெல்லிய அழற்சி தொடர்கிறது. குழாயின் உட்சுவர் அதன் சுமையைத் தாங்குகிறது. இவற்றின்மேல் புகையிலை, நீரிழிவு, உப்பு. இத்தனையும் ஒரே உடலில் சேரும்போது இரத்த அழுத்தம் அளக்கப்படாமலும் இருந்தால் விளைவைக் கணிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

இந்தச் செய்தியைக் கொண்டுபோய் வைத்தால் மூன்று வாசல்களில் மூன்று மறுமொழிகள் கிடைக்கின்றன. மூன்றும் படித்தவர்களின் மறுமொழிகள். ஆகவே விரிவாகப் பார்க்கத் தக்கவை.

முதல் மறுமொழி நரம்பியல் துறையிலிருந்து வருகிறது: மருந்தில்லாத நோயைத் தேடி என்ன பயன்? தோற்றத்தில் இது கண்ணியமான வாதம். 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் எழுதிய நெறிகளில் இதற்கு ஆதாரமும் உண்டு. கண்டறிந்த நோய்க்கு ஏற்கத்தக்க சிகிச்சை இருக்கவேண்டும், கண்டறிந்தவரைச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கவேண்டும் என்கிறார்கள் அவர்கள். ஆனால் மருந்தில்லை என்ற கூற்று எதைக் குறிக்கிறது என்பதைப் பார்க்கவேண்டும். வாடிப்போன வெண்பொருளை மீண்டும் தளிர்க்கச் செய்யும் மருந்து இல்லை என்றால் உண்மை. இனி வாடாமல் தடுக்க எதுவுமில்லை என்றால் பொய். அமெரிக்காவில் 9,361 பேரிடம் நடந்த ஸ்பிரிண்ட் ஆய்வின் மூளைசார் பகுதி 2019இல் வெளியானது. மேல் அழுத்தத்தை 140க்குக் கீழே வைத்தவர்களைவிட 120க்குக் கீழே கொண்டுவர முயன்றவர்களிடம் மிதமான அறிவாற்றல் குறைவு கணிசமாகக் குறைந்தது. படங்களில் வெண்படலம் வளர்ந்த வேகமும் குறைந்தது. முழு மறதி நோயைக் குறைத்ததாக அந்த ஆய்வு உறுதியாகக் காட்டவில்லை; நீரிழிவு உள்ளோரை அது சேர்க்கவுமில்லை. இவற்றை மறைத்துப் பேசவேண்டிய தேவையில்லை. மறைக்காமல் சொன்னாலும் எஞ்சுவது போதும்: இந்நோயின் போக்கை மாற்றக்கூடிய காரணிகளில் முதன்மையானதற்கு மருந்து இருக்கிறது. அம்லோடிபின், டெல்மிசார்டன், குளோர்தாலிடோன் என்று அதற்குப் பெயருமிருக்கிறது. இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சி அதே மாத்திரைகளைத்தான் ஆரம்ப சுகாதார நிலையங்களின் வழியே வழங்குகிறது. சில ரூபாய் மருந்து. மருந்தில்லாத நோய் என்பவர்கள் தங்கள் துறைக்கே உரிய மருந்து இல்லை என்பதைத்தான் சொல்கிறார்கள் போலும்.

இன்னொரு மருந்தும் உண்டு. 2023இல் வெளியான ரிப்ரீவ் ஆய்வில் பன்னிரண்டு நாடுகளைச் சேர்ந்த 7,769 எச்.ஐ.வி. உள்ளோர் பங்கெடுத்தனர். வயது 40 முதல் 75 வரை. இதய நோய்க்கான வாய்ப்பு குறைவு அல்லது நடுத்தரம் என்று வகுக்கப்பட்டவர்கள். பிட்டாவாஸ்டாடின் மாத்திரை அவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் முதலிய பெரும் நிகழ்வுகளை ஏறத்தாழ 35 விழுக்காடு குறைத்தது. மூளைச் சிறுகுழாய்களை அது காத்தது என்று இந்த முடிவிலிருந்து நேரடியாகப் பெறமுடியாது. பெறுவதாகச் சொல்லவும் கூடாது. ஆனால் அந்தப் பன்னிரண்டு நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இந்த நாட்டின் நோயாளிகளும் தம் உடலைத் தந்து பெற்ற அறிவு அது. அந்த மாத்திரை இன்று இந்தியாவின் எத்தனை ஏ.ஆர்.டி. மையங்களின் மருந்தகத்தில் கிடைக்கிறது என்று அவர்கள் கேட்டால் யார் விடை சொல்வது?

இரண்டாவது மறுமொழி நிருவாகத்திலிருந்து வருகிறது: எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க நாடு தாங்குமா? தாங்காது. ஏறத்தாழ 25 லட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழும் நாட்டில், அவர்களில் ஐம்பதைக் கடந்தவர்களை மட்டும் கொண்டுபோனாலும் தாங்காது. தாங்கினாலும் கூடாது. இந்திய மூளையில் தெரியும் ஒவ்வொரு வெண்புள்ளியும் சிறுகுழாய் நோயின் புள்ளி ஆகிவிடாது. முன்பு வந்துபோன காசநோய் மூளைக்காய்ச்சல் ஆழத்துக் கிளைகளை அடைத்துத் தழும்பு விட்டிருக்கலாம். டாக்சோபிளாஸ்மாவும், பன்றி நாடாப்புழுவின் இளம்புழுப் பையும், சிபிலிஸும், எச்.ஐ.வி. வைரஸே உண்டாக்கும் மூளை அழற்சியும் தத்தம் சுவடுகளை விட்டுச்செல்லும். பிரான்சின் படங்களைப் படிக்கக் கற்ற கண்ணுடன் இம்பாலின் படத்தையோ விஜயவாடாவின் படத்தையோ படித்தால் பிழை நேரும். ஆகவே எம்.ஆர்.ஐ. முதற்படி ஆகாது. ஆனால் நிருவாகம் செய்வது வேறு. யாரும் கேட்காத விலையுயர்ந்த ஒன்றை எடுத்துக் காட்டி, அது முடியாது என்று நிறுவி, அந்தத் தீர்ப்பின் நிழலிலேயே மலிவான ஒன்றையும் செய்யாமல் விடுகிறது. எம்.ஆர்.ஐ. முடியாது என்பது, கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்க்கவும் முடியாது என்பதற்கு எப்படிக் காரணமாகும்?

நிருவாகம் விட்ட இடத்தைச் சந்தை பிடித்துக்கொள்ளும். நகரங்களில் முழுவுடல் பரிசோதனைத் தொகுப்புகளோடு மூளைப் படமும் விற்கப்படுகிறது. அறிகுறி எதுவுமில்லாத ஒருவருக்கு வெண்படலம் என்று எழுதிய அறிக்கை கையில் வருகிறது. அச்சத்தோடு அடுத்த மருத்துவரிடம் போகிறார்; அவர் ஆஸ்பிரின் எழுதித் தருகிறார். படத்தில் மட்டுமே தெரியும், பக்கவாதம் வராத சிறுகுழாய் நோய்க்கு, வேறு காரணமின்றி ஆஸ்பிரின் போன்ற மருந்துகளைத் தரவேண்டாம் என்று ஐரோப்பியப் பக்கவாத அமைப்பு 2021இல் நெறி வகுத்திருக்கிறது. ஆழத்துச் சிறு பக்கவாதம் வந்தவர்களிடமே ஆஸ்பிரினோடு குளோபிடோகிரலைச் சேர்த்துத் தந்தபோது மறுபக்கவாதம் குறையவில்லை, இரத்தக்கசிவும் இறப்பும் கூடின என்று 2012இல் எஸ்.பி.எஸ்.3 ஆய்வு காட்டியது. பணத்தைக் கொடுத்துப் படம் எடுத்து, படத்தைக் கண்டு தவறான மருந்தை வாங்கி உண்பதைவிடப் படம் எடுக்காதிருப்பது மேல்.

மூன்றாவது மறுமொழி மிகச் சுருக்கமானது: அது எங்கள் துறை அன்று. எச்.ஐ.வி. ஒரு திட்டம், தொற்றா நோய் இன்னொரு திட்டம். முன்னதற்குத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம், பின்னதற்கு வேறு இயக்ககம், வேறு பதிவேடு, வேறு மருந்துப் பட்டியல். தொற்றா நோய்களையும் கவனிக்கவேண்டும் என்று ஏ.ஆர்.டி. வழிகாட்டு நெறிமுறைகளில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். எழுதப்பட்டது எங்கே நிறைவேறும் என்றால், மேலே அனுப்பும் அறிக்கையில் அதற்கொரு கட்டம் இருக்கும் இடத்தில். மாதந்தோறும் யாரும் கேட்காத எண்ணை யாரும் எழுதுவதில்லை. உலக அளவிலும் கதை இதுதான். 95-95-95 என்ற இலக்கில் நோய் அறிந்தோர், மருந்து உண்போர், வைரஸ் அடங்கியோர் என்று மூன்று படிகள். வைரஸ் அடங்கியதோடு மனிதர் முடிந்துவிடுகிறார். அதற்குப் பின் வாழ்க்கைத் தரம் என்ற நான்காவது படி ஒன்று வேண்டும் என்று 2016இலேயே ஆய்வாளர்கள் எழுதினார்கள். மூன்று எண்களின் அழகு நான்காவதுக்கு இடம் கொடுக்கவில்லை.

துறை வேறு என்ற வாதத்தை முறிக்க வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டாம். ஏ.ஆர்.டி. மையமே ஒருமுறை அதை முறித்துக் காட்டியிருக்கிறது. காசநோயும் வேறு திட்டம்தான், வேறு பதிவேடுதான். இருந்தும் இன்று வருகைதோறும் நான்கு கேள்விகள் கேட்கப்படுகின்றன: இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை. ஆம் என்றால் பரிசோதனை. நோய் உறுதியானால் அதே மையத்தில், அதே சாளரத்தில் காசநோய் மருந்தும் கிடைக்கிறது. இரண்டு திட்டங்களின் சுவரை இடித்து ஒரு சாளரம் திறந்தவர்களால் இன்னொரு சாளரம் திறக்க முடியாதா? காசநோய் இவர்களை விரைந்து கொன்றது, அதனால் திறந்தார்கள். சிறுகுழாய் நோய் மெல்லக் கொல்கிறது. கொல்வதற்கு முன் அவமானப்படுத்துகிறது.

அந்தச் சாளரத்தில் என்ன நடக்கவேண்டும் என்பதும் புதிராக இல்லை. ஐம்பதைத் தொட்ட ஒவ்வொருவருக்கும் வருகைதோறும் இரத்த அழுத்தம். அமரவைத்து, ஐந்து நிமிடம் ஓய்வுக்குப் பின், இருமுறை. ஆண்டுக்கொருமுறை சர்க்கரையும் கொழுப்பும். தரையில் நான்கு மீட்டருக்குச் சுண்ணக்கட்டியால் இரண்டு கோடுகள். வழக்கமான நடையில் அதைக் கடக்க ஐந்து நொடிக்கு மேல் ஆனால் அந்த நடை தளர்ந்திருக்கிறது என்று பொருள். விலை, சுண்ணக்கட்டியின் விலை. அறிவாற்றலுக்கு 2005இல் வெளியான பன்னாட்டு எச்.ஐ.வி. மறதி அளவுகோல் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பொருந்தும்படி அமைந்தது அது. நான்கு சொற்களைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்வது. ஐந்து நொடியில் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் எத்தனை முறை தொட்டுப் பிரிகின்றன என்று எண்ணுவது. முட்டி, விரித்த உள்ளங்கை, பக்கவாட்டுக் கை என்று மேசைமேல் மாறிமாறி வைக்கச் சொல்வது. பிறகு அந்த நான்கு சொற்களைக் கேட்பது. மொத்தம் பன்னிரண்டு புள்ளி. பத்தும் அதற்குக் கீழும் வந்தால் மேலே பார்க்கவேண்டும். சில நிமிட வேலை, ஆலோசகரே செய்யலாம். நினைவை மட்டும் கேட்காமல் கையின் வேகத்தையும் வரிசையையும் பார்ப்பதால், சிறுகுழாய் நோய் முதலில் தொடும் இடத்தை இது தொடுகிறது.

இந்த அளவுகோலுக்குக் குறைகள் உண்டு. நோயில்லாத பலரையும் ஐயத்துக்குள்ளாக்கும். மூட்டுவலி உள்ள விரலும், வாழ்நாளெல்லாம் பீடி சுற்றிய விரலும், கரும்பு வெட்டிய கையும் ஒரே வேகத்தில் தட்டுமா என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை காண்பது இந்திய ஆய்வாளர்களின் கடன். அதைச் செய்யாமல், மேலைநாட்டு வெட்டுப்புள்ளியை அப்படியே ஒட்டி, பட்டம் பெற்றவர்களுக்கென அமைந்த வினாத்தாளைப் பள்ளிக்கே போகாதவரிடம் நீட்டி, பாதிப்பேருக்கு மூளைக் குறைவு என்று கட்டுரை எழுதுவது ஆய்வாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறிவாற்றல் சோதனைத் தொகுப்பொன்றை இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் சீர்ப்படுத்தி வெளியிட்டிருக்கிறது. நல்ல பணி. அந்த ஐந்தில் மராத்தி இல்லை, மணிப்புரி இல்லை, தமிழும் இல்லை. 2004இல் முதலில் மருந்து தொடங்கிய மாநிலங்களின் மொழிகள் இவை. எச்.ஐ.வி.யுடன் நெடுங்காலம் வாழ்ந்து மூத்தோர் இந்த மொழிகளில்தான் யோசிக்கிறார்கள், தடுமாறுகிறார்கள்.

நடை தளர்ந்தவர், அளவுகோலில் தவறியவர், அழுத்தம் கட்டுக்கு வராதவர், நல்ல ஒழுங்கிலிருந்து திடீரென மாத்திரை தவறத் தொடங்கியவர் — இவர்களுக்கு எம்.ஆர்.ஐ. வேண்டும், நரம்பியலாளர் பார்க்கவேண்டும். பட்டியலின் கடைசியில் உள்ளவரைச் சேர்க்க எவரும் நினைப்பதில்லை. முதலில் சேர்க்கவேண்டியவர் அவர்தான். இரண்டாம் நிலை மருந்துக்கு மாற்றுவதா என்ற ஆலோசனை நடக்கும்போதே, இவர் மாத்திரையைத் தவறவிடுவது நோயின் காரணமா அறிகுறியா என்று கேட்டால் போதும். அறிகுறி என்றால் அறிவுரையால் பயனில்லை. நாள் பெயர் எழுதிய மாத்திரைப் பெட்டி வேண்டும், வீட்டில் ஒருவர் துணை வேண்டும், அழுத்தத்துக்கு மருந்து வேண்டும்.

அழுத்தத்துக்கான மருந்தை அதே சாளரத்தில் தரவேண்டும் என்று வலியுறுத்துவதற்கு வசதி மட்டும் காரணமன்று. வெளியே போனால் இரண்டு இடர்கள் காத்திருக்கின்றன. ஒன்று மருந்துகளின் மோதல். லோபினாவிர்-ரிடோனாவிர் உண்பவருக்கு அம்லோடிபின் உடலில் கூடுதலாகத் தேங்கும். சிம்வாஸ்டாடின் அவருக்கு அறவே ஆகாது. டோலுடெக்ராவிர் உண்பவரின் மெட்ஃபார்மின் அளவுக்கு வரம்பு வேண்டும். இவை ஏ.ஆர்.டி. மருத்துவருக்குத் தெரியும். வெளி மருத்துவருக்குத் தெரியவேண்டுமானால் நோயாளி தம் நிலையைச் சொல்லவேண்டும்.

சொல்வதுதான் இரண்டாவது இடர். மருத்துவமனைகளில் பாகுபாடு கூடாது, ஒருவரின் நிலையை அவர் இசைவின்றி வெளியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம் சொல்கிறது. 2018 செப்டம்பர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. படமெடுக்கும் கூடத்துக்கு எழுதும் சீட்டின் தலையில் சிவப்பு மையால் எச்.ஐ.வி. என்று எழுதினால், அந்தச் சீட்டு பணம் கட்டும் இடம், வரிசை எண் தரும் இடம், சக்கர நாற்காலி தள்ளுபவர் என்று எத்தனை கைகள் மாறும் என்பதை எழுதுபவர் எண்ணுவதில்லை. மூத்தவர்களில் பலர் தம் பிள்ளைகளிடமே சொல்லாதவர்கள். ஒருமுறை அந்தச் சீட்டோடு நின்றவர் அடுத்தமுறை போகமாட்டார். பரிந்துரை செய்தோம், நோயாளி போகவில்லை என்று பதிவேட்டில் குறிக்கப்படும். அதுவும் ஒழுங்கின்மைக் கணக்கிலேயே சேரும்.

மருந்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மொத்தமாகத் தரும் முறை கொரோனாக் காலத்தில் பரவலானது. பயணச் செலவு மிச்சம், கூலி இழப்பு மிச்சம். நோயாளிகள் அதை வரவேற்றதில் வியப்பில்லை. அதன் மறுபக்கம், மருத்துவரின் கண்முன் ஒருவர் நடந்து வந்து அமரும் தருணங்கள் ஆண்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டன. நிலைபெற்ற நோயாளி என்று வகுக்கப்பட்டவர் இன்னும் விரைவாக அனுப்பப்படுகிறார். நிலைபெற்றது வைரஸ். அறையின் வாசலிலிருந்து நாற்காலி வரை அவர் எப்படி நடந்து வந்தார் என்பதைத் தலைநிமிர்ந்து பார்க்க அந்தச் சில தருணங்கள்தான் எஞ்சியிருக்கின்றன.

மையங்களின் ஊழியர்கள்மேல் பழியைப் போடுவது எளிது, முறையன்று. ஒரு காலையில் அவர்கள் பார்க்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அவர்களிடம் இன்னொரு வேலையைச் சொல்லத் தயங்குவார்கள். அதனால்தான் இது நல்லெண்ணத்துக்கு விடப்படாமல் ஆணையாக வரவேண்டும், ஆளும் அழுத்த மருந்தும் அதனோடு வரவேண்டும். அடுத்தமுறை நெறிமுறை திருத்தப்படும்போது மாத அறிக்கையில் இரண்டு கட்டங்கள் சேர்த்தால் தொடங்கிவிடலாம்: ஐம்பதைக் கடந்தோரில் இம்மாதம் இரத்த அழுத்தம் அளக்கப்பட்டவர் எத்தனை பேர், உயர் அழுத்தம் உள்ளோரில் அது கட்டுக்குள் வந்தவர் எத்தனை பேர். சுண்ணக்கட்டிக் கோட்டுக்கு எந்த ஆணையும் தேவையில்லை. நாளைக் காலையே போடலாம்.